கம்ப்யூட்டருக்கும் ஒரு ஸ்தபதி வேண்டும்

திண்டுக்கல்லில் ஒரு நூல் வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலத்துக் கடை. கணக்கெல்லாம் பேரேட்டில் இருந்தது. மகன் பொறுப்புக்கு வந்தார். "இனிமேல் பேரேடு வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில்தான்" என்றார். நல்ல யோசனை. யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் வருஷம் பில் போட ஒரு சாப்ட்வேர் வாங்கினார். மதுரையில் இருந்து ஒருவர் வந்து பொருத்திக் கொடுத்தார். அடுத்த வருஷம் கிடங்குக் கணக்குக்கு இன்னொன்று. அது கோயம்புத்தூரில் வாங்கியது. மூன்றாம் வருஷம் ஆட்களின் சம்பளத்துக்கு வேறொன்று. அது சென்னைச் சரக்கு. மூன்றும் நல்லவை. மூன்றுக்கும் கை நிறையப் பணம் கொடுத்தார்.

ஒரு நாள் சாயங்காலம் வேடசந்தூர் ரோட்டில் உள்ள கிடங்கு வாசலில் லாரி வந்து நின்றது. நூறு மூட்டை ஏற்ற வேண்டும். பில்லில் நூறு இருக்கிறது. கிடங்குக் கணக்கில் எண்பதுதான் இருக்கிறது. உள்ளே போய் எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு! எது சரி?

மதுரைக்காரருக்குப் போன் போட்டார். "என் பில்லில் தப்பே வராது. கிடங்கு சாப்ட்வேரைப் பாருங்கள்" என்றார் அவர். கோயம்புத்தூர்க்காரரைக் கேட்டார். "பில்லை ரத்துச் செய்தால் எனக்குத் தெரிய வழி இல்லையே!" என்றார் அவர். சென்னைக்காரர், "மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி போடச் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த மூட்டைக் கணக்குக்குத்தான் கூலி வரும்" என்று சொல்லிவிட்டார். லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மூட்டை தூக்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கூலி நூறுக்கா, எண்பதுக்கா, தொண்ணூற்றிரண்டுக்கா?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. முழுவதற்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அந்த ஆள் யார்? அவருக்கு என்ன வேலை? என்ன அதிகாரம்? இதைத் தெளிவாக வரையறுக்காமல் கம்ப்யூட்டருக்குப் பணம் கொட்டுவது, அஸ்திவாரம் தோண்டாமல் மாடி கட்டுவது போன்றது.

கோயிலில் உள்ள பாடம்

நம் நாட்டில் இந்த ஆள் புதியவர் அல்ல. கோயில் கட்டும்போது கல் உடைக்கிறவர் உண்டு. தூண் செதுக்குகிறவர் உண்டு. பாரம் தூக்குகிறவர் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் மேலே ஸ்தபதி என்று ஒருவர் இருப்பார். எல்லாக் கல்லையும் அவரே செதுக்குவது இல்லை. ஆனால் எந்தக் கல் எங்கே போகும், எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் தண்ணீர் வடியும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கும். எல்லாச் சிற்பிகளும் அந்த ஒரே அளவுக்குத்தான் வேலை செய்ய வேண்டும். ஆளுக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டால் கோபுரம் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் வேலையில் இந்த ஸ்தபதியை 'ஆர்க்கிடெக்ட்' என்கிறார்கள். நமக்கு ஸ்தபதி என்ற பெயரே போதும். வியாபாரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று, முழு அமைப்புக்கும் திட்டம் போட்டு, அதற்குப் பொறுப்பு ஏற்கிறவர் அவர்.

கோயில் வேண்டாம், நம் ஊர்ப் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, பெட்டிப் பூட்டு என்று எத்தனையோ வகை. அதன் உள்ளே லீவர்கள் இருக்கின்றன. சாவியில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு லீவரையும் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லா லீவரும் ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்கு வந்தால்தான் உள்ளே இருக்கும் நாக்கு நகரும், பூட்டு திறக்கும். ஒரு லீவர் நூலிழை கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது.

லீவர் நன்றாக இருக்கிறதா என்று தனியாக எடுத்துப் பார்த்துப் பயன் இல்லை. மற்ற லீவர்களோடும் சாவியோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நல்ல லீவர்கள் ஐந்தை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டால் அது பூட்டு ஆகிவிடுமா? நம் நூல் வியாபாரி அதைத்தான் செய்தார்.

பெயர் வந்த கதை

கட்டடத் தொழிலில் உள்ள இந்தப் பெயர் கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தது?

1964-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 'சிஸ்டம் 360' என்ற கம்ப்யூட்டர் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன் ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கியவர், வியாபாரம் பெருகிப் பெரிய கம்ப்யூட்டர் வாங்கினால், பழைய புரோகிராம்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டிய நிலை இருந்தது. சின்னதோ பெரியதோ, ஒரே புரோகிராம் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் திட்டம் போட்டார்கள். உள்ளே யந்திரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்; வெளியே அது நடந்துகொள்ளும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வெளி ஒழுங்குக்கு ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் என்ற மூன்று பொறியாளர்கள் கட்டடக் கலையின் பெயரையே வைத்தார்கள்.

அவர்களில் பிரெட் புரூக்ஸ் 1975-இல் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய சாப்ட்வேர் வேலைகளை நடத்திப் பட்ட பாட்டை அதில் சொன்னார். தாமதமான வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதம் ஆகும் என்பது அவர் கண்ட உண்மை. ஓர் அமைப்பு முழுவதும் ஒரே மனத்தில் பிறந்தது போல இருக்க வேண்டும். அதற்கு ஒருவரோ, ஒருமித்த கருத்துள்ள மிகச் சிலரோதான் திட்டம் போட வேண்டும் என்பது அவர் சொன்ன இன்னொரு பாடம்.

பிறகு 1987-இல் ஜான் சாக்மன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கட்டடத்துக்கு உரிமையாளர் பார்க்கும் படம் வேறு, ஸ்தபதி பார்க்கும் படம் வேறு, கொத்தனார் பார்க்கும் படம் வேறு. மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். ஒரு ஸ்தாபனத்தின் கணக்கு வழக்குகளுக்கும் அப்படியே படம் போட வேண்டும் என்றார். அன்று முதல் ஸ்தபதியின் வேலை யந்திரத்தோடு நிற்கவில்லை. வியாபாரத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

கண் முன்னே கண்ட பாடம்

இது ஏதோ அமெரிக்காக்காரர் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் கடைத்தெருவில் உள்ள ஒவ்வொரு வியாபாரியும் அனுபவித்த கதை ஒன்று உண்டு. அதுதான் ஜி.எஸ்.டி.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரே கம்ப்யூட்டர் அமைப்பில் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். முதலில் போட்ட திட்டம் என்ன? விற்றவர் 10-ந் தேதிக்குள் விற்பனைக் கணக்கைக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 15-ந் தேதிக்குள் அதைச் சரிபார்த்துக் கொள்முதல் கணக்கைக் கொடுக்க வேண்டும். பிறகு 20-ந் தேதிக்குள் இரண்டையும் சேர்த்து மாதக் கணக்கு. ஒவ்வொரு பில்லும் விற்றவர் கணக்கிலும் வாங்கியவர் கணக்கிலும் ஒத்துப்போக வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் அழகான திட்டம். ஆனால் சின்னக் கடைக்காரர் ஒருவர் மாதத்துக்கு மூன்று முறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வாங்கிய ஒவ்வொரு பில்லையும் ஒத்துப் பார்ப்பாரா? அவருக்குக் கடையில் வேறு வேலை இல்லையா? 2017 நவம்பரில் இரண்டாவது, மூன்றாவது கணக்குகளை நிறுத்தி வைத்தார்கள். ஆரம்ப மாதங்களைச் சமாளிக்க மட்டும் என்று '3-பி' என ஒரு சுருக்கமான கணக்கைக் கொண்டு வந்திருந்தார்கள். அந்த 3-பி இன்றும் இருக்கிறது! கல்யாணத்துக்குப் போட்ட பந்தலிலேயே குடித்தனம் நடக்கிறது.

பில்களை ஒத்துப் பார்க்கும் நோக்கம் தவறா? இல்லை. பின்னாளில் அதே நோக்கம் வேறு வழியில் நிறைவேறியது. விற்றவர் பதிந்த பில்களைக் கொண்டு, வாங்கியவருக்கு உரிய பட்டியலைக் கம்ப்யூட்டரே தயாரித்துக் கொடுக்கும் முறை 2020-இல் வந்தது. விற்றவர் பதியாத பில்லுக்கு வரிக் கழிவு கிடையாது என்ற விதி 2022 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. மனிதன் செய்ய வேண்டியது எது, யந்திரம் செய்ய வேண்டியது எது என்று முதலிலேயே பிரித்திருந்தால் எவ்வளவு அலைச்சல் மிஞ்சியிருக்கும்! அப்படிப் பிரிப்பதுதான் ஸ்தபதியின் வேலை.

'இ-வே பில்' கதையும் இப்படித்தான். ரூ.50 ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்கை லாரியில் அனுப்பினால் கம்ப்யூட்டரில் பதிந்து நம்பர் வாங்க வேண்டும் என்பது விதி. 2018 பிப்ரவரி 1-ந் தேதி நாடு முழுவதும் அதைத் தொடங்கினார்கள். அன்றைக்கே அமைப்புத் திணறியது. நம்பர் கிடைக்காமல் வியாபாரிகள் தவித்தார்கள். சர்க்கார் உடனே விதியைத் தள்ளி வைத்தது.

இரண்டாம் முறை யோசனையோடு செய்தார்கள். ஏப்ரல் 1-ந் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும் தொடங்கினார்கள். பிறகு மாநிலங்களுக்குள் போகும் சரக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விரிவு செய்தார்கள். தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2-ந் தேதி வந்தது. அமைப்பு நின்றது, லாரிகள் ஓடின. புதுப் பாலத்தில் முதல் நாளே எல்லா லாரியையும் விடுவார்களா? முதலில் ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். பிறகு பத்து. பிறகுதான் எல்லாம். இந்த நிதானத்தைச் சொல்லித் தருகிறவர்தான் ஸ்தபதி.

நல்ல திட்டத்துக்கும் நம் நாட்டில் உதாரணம் உண்டு. ரயில் டிக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் முன்பதிவு 1985-இல் டில்லியில் தொடங்கியது. பிறகு பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய இடங்களிலும் வந்தது. ஐந்தும் தனித்தனித் தீவுகள். 1999 ஏப்ரலில் இந்த ஐந்தையும் இணைத்து முடித்தார்கள். அதன் பிறகு நாட்டில் எந்த இடத்து ரயிலுக்கும் எந்த இடத்தில் இருந்தும் இடம் பிடிக்க முடிந்தது. அந்த இணைப்பின் மேல்தான் 2002-இல் வீட்டில் இருந்தே டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. அஸ்திவாரம் சரியாக இருந்ததால் அடுத்த மாடி எழும்பியது.

இன்று திண்டுக்கல் பஸ் நிலைய டீக்கடையில் ஒட்டியிருக்கும் சதுரக் கட்டத்தைப் பாருங்கள். டீ குடித்தவர் வைத்திருப்பது ஒரு பாங்கிக் கணக்கு. கடைக்காரருடையது வேறு பாங்கி. போனில் உள்ள செயலி மூன்றாவது கம்பெனியுடையது. ஆனாலும் பத்து ரூபாய் கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேருகிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. முறை இது. எல்லாப் பாங்கிகளும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று முதலில் விதி வகுத்தார்கள். பிறகுதான் கடை விரித்தார்கள். ஒரே அளவுகோல்!

பணம் இருந்தால் போதுமா?

பெரிய நாடு, பெரிய பணம் இருந்தால் ஸ்தபதி வேண்டாம் என்று நினைக்கலாம். அமெரிக்க சர்க்கார் 2013 அக்டோபர் 1-ந் தேதி மக்களுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் வாங்க ஓர் இணையதளம் திறந்தது. லட்சக்கணக்கானவர்கள் உள்ளே நுழைந்தார்கள். முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? ஆறே பேர்! பல கம்பெனிகள் சேர்ந்து கட்டிய அமைப்பு அது. தெளிவான தலைமை இல்லாததே தோல்விக்குப் பெரிய காரணம் என்று அந்த நாட்டுச் சர்க்காரின் தணிக்கை அதிகாரிகளே 2016-இல் அறிக்கை கொடுத்தார்கள். பணம் இருந்தது, ஆள் இருந்தார்கள், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஸ்தபதியின் கடமைகள்

இனி, அவருடைய வேலை இன்னது என்று வரையறுப்போம். ஐந்து கடமைகளைச் சொல்லலாம்.

முதல் கடமை, கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் வியாபாரத்தைப் பார்ப்பது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குக் கணக்குப் போட வருகிறவர், குளிர்சாதன அறையில் இருந்து திட்டம் போட முடியாது. காய் எப்போது வருகிறது, யார் எடை போடுகிறார், விலை எப்போது முடிவாகிறது, விவசாயிக்குச் சீட்டு யார் எழுதுகிறார் என்று நேரில் நின்று பார்க்க வேண்டும். எடை ஒரு நேரம், விலை ஒரு நேரம், பணம் ஒரு நேரம் என்று நடக்கும் வியாபாரத்தை, மூன்றும் ஒரே நிமிஷத்தில் நடக்கும் மளிகைக் கடை சாப்ட்வேரில் அடைத்தால், விவசாயியின் சீட்டில்தான் தப்பு விழும்.

இரண்டாவது கடமை, சொற்களுக்கு ஒரே பொருள் வகுப்பது. 'மூட்டை' என்றால் என்ன? பில் போட்ட மூட்டையா, கிடங்கில் இருக்கும் மூட்டையா, லாரியில் ஏறிய மூட்டையா? பில் எழுதுகிறவர் ஒன்றை நினைக்கிறார். கிடங்குக்காரர் இன்னொன்றை நினைக்கிறார். இருப்புக் கணக்குக்கு எது மூலம், வாடிக்கையாளர் விலாசத்துக்கு எது மூலம் என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஓர் இருப்பிடம் குறிக்க வேண்டும். மற்ற இடங்கள் எல்லாம் அங்கிருந்து கேட்டு வாங்க வேண்டும். நூல் வியாபாரியின் தகராறில் பாதி இதிலேயே தீர்ந்திருக்கும்.

மூன்றாவது கடமை, பிறகு மாற்ற முடியாத முடிவுகளை முதலில் எடுப்பது. சுவருக்கு என்ன சாயம் என்பதைக் கிருகப்பிரவேசத்துக்கு முதல் நாள்கூட முடிவு செய்யலாம். தூண் எங்கே என்பதை அப்படி முடிவு செய்ய முடியுமா? எந்தத் தகவலைச் சேர்த்து வைப்பது, யார் பார்க்கலாம், வியாபாரம் பத்து மடங்கு பெருகினால் தாங்குமா, சாப்ட்வேர் விற்றவர் கடையை மூடிவிட்டால் நம் கணக்கை வெளியே எடுக்க முடியுமா? இவையெல்லாம் தூண்கள். எடுத்த முடிவையும் காரணத்தையும் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர் தெரியாமல் தூணை இடித்துவிடக் கூடாது அல்லவா?

நான்காவது கடமை, "தவறினால் என்ன?" என்று கேட்பது. கரண்டு போனால் என்ன? இணையம் அறுந்தால் பில் எப்படிப் போடுவது? தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகை வைக்கும் முறை வந்தது. வருஷக்கணக்காக அரம் பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். யந்திரத்துக்கு அந்த விரல் புரியாமல் போகலாம். கருவிழி பார்க்கும் கருவி போன்ற மாற்று வழிகள் இதனால்தான் அவசியம் ஆயின. திட்டம் போடும்போதே அந்தத் தேய்ந்த விரலை நினைக்கிறவர்தான் நல்ல ஸ்தபதி. "கம்ப்யூட்டரில் வரவில்லை" என்ற ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் அரிசி நின்றுவிடக் கூடாது. ஒரு தொழிலாளியின் கூலி போய்விடக் கூடாது.

ஐந்தாவது கடமை, குடி புகும் வரை கூட இருப்பது. படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் ஸ்தபதி அல்ல. கோயிலில் சிலைக்குக் கண் திறக்கும் வரை ஸ்தபதி இருக்கிறார். பழைய பேரேடும் புதுக் கம்ப்யூட்டரும் ஒரு மாதமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பேரேட்டை மூட வேண்டும்.

எது அவர் வேலை அல்ல?

கடமையைச் சொன்னால் எல்லையையும் சொல்ல வேண்டும். என்ன வியாபாரம் செய்வது, யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு செலவு செய்வது என்பவை முதலாளியின் முடிவுகள். ஸ்தபதி அதில் தலையிடக் கூடாது. "இப்படிச் செய்தால் இவ்வளவு செலவு, இந்த ஆபத்து, அப்படிச் செய்தால் இந்த லாபம், இந்த நஷ்டம்" என்று ஒளிக்காமல் சொல்வதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும். அதேபோல், புரோகிராம் எழுதுகிறவரின் கையைப் பிடித்து ஒவ்வொரு வரியையும் எழுத வைப்பதும் அவர் வேலை அல்ல. சிற்பியின் உளியைப் பிடுங்குகிற ஸ்தபதியிடம் நல்ல சிற்பி தங்க மாட்டார்.

முக்கியமாக, சாப்ட்வேர் விற்கிறவரே ஸ்தபதியாக இருக்கக் கூடாது. சிமெண்டு விற்கிறவரிடம் வீட்டுக்கு எவ்வளவு சிமெண்டு வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வார்? விற்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் தம் சரக்குக்குத்தான் பதில் சொல்வார். நம் கடை முழுவதற்கும் சொல்ல மாட்டார்.

அதிகாரமும் வேண்டும். "எல்லாவற்றுக்கும் நீர்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, அவரைக் கேட்காமல் நாளைக்கே இன்னொரு சாப்ட்வேரை வாங்கி வந்து வைத்தால், அந்தப் பொறுப்புக்கு அர்த்தம் இல்லை. புதிதாக எது வந்தாலும் திட்டத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு எழுத்து மூலம் இருக்க வேண்டும். கேட்காத முதலாளிக்கு ஸ்தபதி வைத்தும் பயன் இல்லை.

பட்டம் போதாது

கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, தொழிலை மற்றவர் செய்வதைத் தடுக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-இல் தீர்ப்புச் சொன்னது. பட்டத்துக்காவது காவல் இருக்கிறது.

கம்ப்யூட்டர் தொழிலில் அந்தக் காவலும் நடைமுறையில் இல்லை. விசிட்டிங் கார்டில் யார் வேண்டுமானாலும் இந்தப் பட்டத்தை அச்சடித்துக்கொள்கிறார்கள். எனவே பட்டத்தைப் பார்த்து மயங்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். "என் கிடங்குக்கு வந்து பார்த்தீரா? எந்தத் தகவல் எங்கே இருக்கும் என்று ஒரே காகிதத்தில் வரைந்து காட்டுவீரா? எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினீர், ஏன்? கம்ப்யூட்டர் நின்றால் அன்றைக்கு நான் என்ன செய்வது? தொடங்கின பிறகு எத்தனை நாள் இங்கே இருப்பீர்?" இவற்றுக்குச் சாதாரணத் தமிழில் பதில் சொல்ல முடியாமல் வாயில் நுழையாத வார்த்தைகளை அடுக்குகிறவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

சின்னக் கடைக்கு எதற்கு?

"இதெல்லாம் பெரிய மில்லுக்குச் சரி. சின்னாளப்பட்டியில் சேலை விற்கிற எனக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியாக ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கடமையை யாராவது ஒருவர் செய்ய வேண்டும் என்கிறோம். குடிசை போடுகிறவரும், வாசல் எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்துத்தான் முளை அடிக்கிறார். அந்த நேரத்துக்கு அவரே ஸ்தபதி.

சின்னக் கடையில் அனுபவம் உள்ள கணக்குப்பிள்ளை அந்தக் கடமையை ஏற்கலாம். கம்ப்யூட்டர் படித்த மகளோ மருமகனோ ஏற்கலாம். தெரிந்த ஒருவருக்குச் சில நாள் கூலி கொடுத்து, ஒரு பக்கத்தில் திட்டம் எழுதி வாங்கலாம். சாப்ட்வேருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். தப்பான சாப்ட்வேரை வாங்கித் தூக்கிப் போடுவதை விட இது மலிவு.

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. திண்டுக்கல்லைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. காந்திகிராமத்தில் கிராமிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் புரோகிராம் எழுதக் கற்கிறார்கள். மிகவும் நல்லது. அதோடு, ஒரு நூல் மில், ஒரு தோல் ஷாப், ஒரு பூட்டுப் பட்டறை, ஒரு காய்கறி மண்டி எப்படி நடக்கிறது என்று ஒரு மாதம் கூட இருந்து பார்க்கட்டும். பேராசிரியர்கள் அவர்களை அங்கே அனுப்பட்டும். கணக்குப்பிள்ளையின் பேச்சும் கம்ப்யூட்டரின் பேச்சும் இரண்டும் தெரிந்த பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியது இல்லை. நம் ஊரிலேயே அவனுக்கு வேலை காத்திருக்கிறது.

சர்க்கார் காரியங்களிலும் இதே முறை வேண்டும். புதுத் திட்டத்துக்குக் கம்ப்யூட்டர் என்றதும், எத்தனை யந்திரம், எவ்வளவு பணம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். முழுத் திட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதட்டும். மனு கொடுத்துக் காத்திருக்கும் ஏழைக்குக் 'கம்ப்யூட்டர் தப்பு' என்று பதில் சொல்வது நிற்கும். கம்ப்யூட்டர் தப்பு என்று தனியாக ஒன்று இல்லை. திட்டம் போட்டவரின் தப்பு அது. அல்லது திட்டமே போடாதவரின் தப்பு.

நம் நூல் வியாபாரி இனிமேலாவது என்ன செய்ய வேண்டும்? நாலாவதாக ஒரு சாப்ட்வேர் வாங்கத் தோன்றும். வாங்க வேண்டாம். முதலில், இருக்கிற மூன்றையும் ஒரு காகிதத்தில் வரையட்டும். மூட்டைக் கணக்குக்கு எது மூலம் என்று முடிவு செய்யட்டும். ஓர் ஆளைக் கூப்பிட்டு, "இந்த முழுவதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய அதிகாரமும் உன்னிடம்தான்" என்று எழுதிக் கொடுக்கட்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு காரியம் இருக்கிறது. வாசலில் லாரி நிற்கிறது. திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்த தொண்ணூற்றிரண்டு மூட்டையும் ஏறட்டும். தொண்ணூற்றிரண்டுக்கும் கூலி இன்றைக்கே கிடைக்கட்டும்!